யூல்டைடு: ஒரு திருநாட்காலச் சொல்லைப் புரிந்துகொண்டு எழுதும் முறை

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் சென்னையின் இராயபுரத்திலும் பெரம்பூரிலும் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் ஏறுகின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் கிட்டாரும் டிரம்முமாகக் கேரல் குழுக்கள் தெருத்தெருவாகப் புறப்படுகின்றன. அதே நாட்களில் வாழ்த்து அட்டை, பாட்டுத்தாள், பள்ளி விழா அழைப்பிதழ் ஆகியவற்றை எழுதும் வேலையும் தொடங்குகிறது. வீட்டில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வரும் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தாள்கள் திருத்தத்துக்கு வருகின்றன. அவற்றில் ஆசையோடு எடுத்தாளப்பட்டு, பெரும்பாலும் தவறான இடத்தில் வைக்கப்படும் சொல் ஒன்று உண்டு. அதுதான் கிறிஸ்துமஸ் காலத்தைக் குறிக்கும் யூல்டைடு என்ற ஆங்கிலச் சொல்.

காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் தேவாலயக் குழுவின் பாட்டுத்தாளை நீட்டிக் கேட்ட கேள்வியே இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது. “மிஸ், டைடுன்னா கடல் தண்ணி ஏறி வத்துறதுதானே? அதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள். அவள் தந்தை ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அவள் சொல்லின் பின்பாதியைப் பிடித்துக் கேட்டாள். இந்தச் சொல்லைச் சரியாக ஆளுவதற்கான திறவுகோலும் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது.

முதலில் ஒலிப்பைப் பார்த்துவிடலாம். முன்பாதி ‘யூல்’. ஸ்கூல், கூல் என்று முடிவதைப் போலவே இதுவும் முடிய வேண்டும். ஆங்கில எழுத்தில் இறுதியில் ஓர் ஈ இருப்பதைக் கண்டு ‘யூலே’ என்று படிப்பவர்கள் பலர். அந்த எழுத்துக்கு இங்கே ஒலி கிடையாது. பின்பாதியைத் தமிழில் ‘டைட்’ என்று எழுதுவதே வழக்கமாக இருந்தாலும் நான் ‘டைடு’ என்று எழுதவே சொல்லுகிறேன். ‘டைட்’ என்று எழுதினால் சட்டை இறுக்கமாக இருப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லாகவே நம் நாக்கு அதைப் படித்துவிடும். ‘டைடு’ என்று எழுதினால் ‘நாடு’, ‘வீடு’ என்பவற்றில் வருவது போன்ற மெல்லிய டுகரம் தானாக வந்து சேருகிறது, ஆங்கிலத்தில் வேண்டியதும் அதுதான். ‘ரைட்’ என்பதற்கும் பைக்கில் போகும் ‘ரைடு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும். அழுத்தம் முன்பாதியில் விழ வேண்டும்.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். டைடு என்பது பழைய ஆங்கிலத்தில் காலம், வேளை, பருவம் என்னும் பொருளை உடைய சொல். கடல் நீரின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது. கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை, சொல்லி வைத்தாற்போல, தன் வேளையில் ஏறி இறங்குவதால், வேளையைக் குறித்த சொல்லே வேளை தவறாத அந்த நீருக்கும் பெயராயிற்று. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ‘டைம் அண்டு டைடு’ என்ற பழமொழியில்கூட டைடு என்பது முதலில் கடலைக் குறிக்கவில்லை. காலத்தையும் பருவத்தையும் அடுக்கிச் சொன்ன தொடர் அது. ஈவன்டைடு என்றால் மாலை வேளை, நூன்டைடு என்றால் உச்சிவேளை. ஈஸ்டர்டைடு என்பது கத்தோலிக்கத் தமிழில் பாஸ்கா காலம் என்று வழங்குகிறது. யூல்டைடு இந்தக் குடும்பத்தில் பிறந்த சொல்.

தமிழ் படித்தவருக்கு இதை விளக்க ‘பொழுது’ என்ற ஒரே சொல் போதும் என்பது என் அனுபவம். நம் இலக்கணத்தில் நாளின் பிரிவுகள் சிறுபொழுது. ஆண்டின் பிரிவுகள் பெரும்பொழுது. மாலைப்பொழுது என்பதில் வருவதும், கார்காலத்தைப் பெரும்பொழுது என்பதில் வருவதும் ஒரே பொழுதுதான். அதே சொல்லை நம் தெருக்களில் சூரியனுக்கும் சொல்லுகிறோம்: “பொழுது சாஞ்சிடுச்சு, இன்னும் வீட்டுக்கு வரலை” என்று சொல்லும் தாய் வானத்தைப் பார்த்துத்தான் சொல்லுகிறாள். காலத்தைக் குறிக்கும் சொல், காலம் தவறாமல் வந்துபோகும் இயற்கைப் பொருளையும் குறிப்பது தமிழில் சூரியனுக்கு அமைந்தது, ஆங்கிலத்தில் கடலுக்கு அமைந்தது. இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்த தெளிவை நான் இன்னும் மறக்கவில்லை. யூல்டைடு என்பது யூல் என்னும் பொழுது, அவ்வளவே.

அப்படியானால் யூல் என்பது எது? ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த ஜெர்மானிய இன மக்கள், கிறிஸ்தவம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, கடுங்குளிரின் நடுவில் கொண்டாடிய விழாவின் பெயர் அது. பழைய நார்ஸ் மொழியில் ‘யோல்’ என்று வழங்கியது. இன்றும் சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு ‘யூல்’ என்றே பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த பீடு என்னும் துறவி 725ஆம் ஆண்டில் காலக்கணக்கைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், தம் முன்னோர் டிசம்பரையும் ஜனவரியையும் ஒரே பெயரால் அழைத்ததையும், சூரியன் திரும்பிப் பகல் வளரத் தொடங்கும் நாளிலிருந்து அந்தப் பெயர் அமைந்ததையும் குறித்துள்ளார். அந்தப் பெயர்தான் யூல் என்பதன் பழைய வடிவம். மார்கழியும் தையும் சேர்ந்த முன்பனிக் காலத்தை ஒரே பெரும்பொழுதாக எண்ணிய நம் முன்னோரின் கணக்கோடு இது ஏறத்தாழ ஒன்றிப்போவதைக் காண எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். அங்கே பனி உறைந்து ஏரிகள் இறுகும். இங்கே தண்டையார்ப்பேட்டைத் தெருவில் விடியற்காலை கோலம் போடுகிறவர் தலையில் துணியைச் சுற்றிக்கொள்ளுவார். குளிரின் அளவு வேறானாலும் ஆண்டின் அந்த இரு மாதங்களைத் தனியாகப் பிரித்துப் பெயரிட இரு பக்கத்தாருக்கும் தோன்றியிருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட ஹாக்கன் என்னும் கிறிஸ்தவ அரசர், மக்களின் யூல் விழாவைக் கிறிஸ்துமஸ் நாட்களோடு சேர்த்துக் கொண்டாடும்படி சட்டம் செய்ததாக அந்நாட்டுப் பழைய வரலாற்றுக் கதைகள் கூறுகின்றன. இப்படி விழாவின் பொருள் மாறியபோது பெயர் மட்டும் நிலைத்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸையே யூல் என்று அழைத்தார்கள். அங்கே திருச்சபைச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1640இல், யூல் விடுமுறையை நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் ஒழித்தது. கிறிஸ்துமஸ் அந்நாட்டில் பொது விடுமுறையானது 1958இல்தான். இங்கிலாந்தில் வழக்கொழிந்து கொண்டிருந்த சொல்லை 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பழங்காலக் கிறிஸ்துமஸின் நினைவாக மீட்டெடுத்தார்கள். பாட்டுத்தாள்களில் இது இன்றும் தலைகாட்டுவதற்கு அந்த மீட்பே காரணம். நம் பகுதிப் பள்ளிகளில் தவறாமல் பாடப்படும் ஓர் ஆங்கிலக் கேரல், வேல்ஸ் நாட்டு மெட்டொன்றுக்கு 1862இல் எழுதப்பட்டது; அதன் வரியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சொல்லை முதன்முதலில் சந்திக்கிறார்கள்.

ஒரு சொல் தன் பிறப்பை மறைத்துக்கொண்டு வாழ்வது நமக்குப் புதிதன்று. இராயபுரத்தின் பெயருக்குள் புனித பேதுருவின் தமிழ்ப் பெயரான இராயப்பர் இருப்பதை அங்கே பிறந்தவர்களே பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரிமுனையில் ஆர்மீனியர் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகி, அரண்மனை எதுவும் இல்லாத இடத்தில் அரண்மனையின் பெயரைச் சுமந்து நிற்கிறது. யூல் என்பதும் அவ்வாறே. இன்றைய ஆங்கிலத்தில் யூல்டைடு என்றால் கிறிஸ்துமஸ் காலம் என்பதே பொருள், பழைய விழா அதன் அடியில் உறங்குகிறது.

பொருள் தெளிந்துவிட்டால் இலக்கணம் எளிது. யூல்டைடு என்பது நாளன்று, காலம். ஆகவே நாளுக்கு உரிய ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் இதற்கு வராது. ‘அட் யூல்டைடு’, ‘ட்யூரிங் யூல்டைடு’, ‘திஸ் யூல்டைடு’ என்று எழுத வேண்டும். ‘ஆன் யூல்டைடு, இரவு 11.30 மணிக்குத் திருப்பலி’ என்று ஓர் அழைப்பிதழில் கண்டபோது, அது எந்த நாள் என்று படிப்பவருக்குத் தெரியாமற்போகுமே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அங்கே ‘கிறிஸ்துமஸ் ஈவ்’ என்று எழுதி, டிசம்பர் 24 என்று தேதியும் போட வேண்டும். பொதுவாக இச்சொல்லுக்கு முன் ‘தி’ வேண்டியதில்லை, பன்மையாக்கவும் வேண்டாம். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இடுவதே ஏற்ற முறை, ஏனெனில் திருநாட்காலங்களின் பெயர்களை ஆங்கிலம் அப்படித்தான் எழுதுகிறது.

இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக நிற்கும்போதுதான் யூல்டைடு மிக இயல்பாக ஒலிக்கிறது. யூல்டைடு கிரீட்டிங்ஸ், யூல்டைடு கேரல்ஸ், யூல்டைடு ஃபீஸ்ட் ஆகியவை ஆங்கிலத்தில் நன்கு பழகியவை. பெரம்பூரில் இரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் டிசம்பரில் செய்யும் கல்கல், ரோஸ் குக்கி, பிளம் கேக் ஆகியவற்றைப் பற்றி எழுதும் மாணவருக்கு ‘யூல்டைடு ஸ்வீட்ஸ்’ என்ற தொடரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ‘யூல்டைடு சீசன்’ என்று எழுதுவதைத் தவிர்க்கச் சொல்லுவேன். டைடு என்பதே பருவம். அதன்மேல் சீசனையும் ஏற்றுவது, நாம் பேச்சில் ‘நடு சென்டர்’ என்று சொல்லுவதைப் போன்றது. ஆங்கிலச் செய்தித்தாள்களிலேயே அது வருகிறது என்று மாணவர்கள் எடுத்துக் காட்டுவார்கள், வரத்தான் செய்கிறது. தவறென்று அடித்துத் திருத்த வேண்டியதில்லை என்றாலும், சொல்லின் பொருளை அறிந்தவர் கையில் அந்தத் தொடர் வராமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

இலக்கணத்தைவிடக் கவனம் தேவைப்படுவது இடம் அறிவதில்தான். யூல்டைடு பேச்சுச் சொல்லன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ அல்லது ‘ஹாப்பி கிறிஸ்துமஸ்’ என்றுதான் சொல்லுவார். அட்டைகளிலும், பாட்டுகளிலும், விழா மலரின் தலைப்பிலும், கடைகளின் விளம்பரத்திலும் மட்டுமே யூல்டைடு உயிரோடிருக்கிறது. அதைச் சுற்றிப் பழமையின் மணம் உண்டு. என்னிடம் படித்த இளைஞர் ஒருவர், தம் நிறுவனத்துக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் யூல்டைடுக்காக மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார். முன்பனிக் காலத்தின்பொருட்டு விடுப்பு அருளுக என்று தமிழில் ஒருவர் எழுதினால் மேலாளருக்கு எப்படி இருக்குமோ, ஆங்கிலத்தில் அது அப்படித்தான் இருக்கும். ‘கிறிஸ்துமஸ்’ என்று மாற்றித் தேதிகளைக் குறித்ததும் கடிதம் நேராயிற்று. அலுவலகக் கடிதம், விண்ணப்பம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றில் இந்தச் சொல் வேண்டாம். ஐயமாக இருந்தால், அதே பொருளைத் தமிழில் எழுதும்போது ‘பொழுது’ என்ற சொல்லை அந்த இடத்தில் போடுவீர்களா என்று எண்ணிப் பாருங்கள். கவிதையிலும் வாழ்த்துமடலிலும் போடுவீர்கள், விண்ணப்பத்தில் போடமாட்டீர்கள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் கருதத்தக்கது. யூல்டைடு என்ற சொல்லுக்குள் கிறிஸ்துவின் பெயர் இல்லை. அதனாலேயே எல்லா மதத்து நண்பர்களுக்கும் பொதுவாக அனுப்பும் அட்டைக்கு அது பொருத்தமாக அமைகிறது. அதே காரணத்தால், ஆலயத்தின் வழிபாட்டுத் தாளிலும், பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ எழுதும் வாழ்த்திலும் அதைத் தவிர்த்து, கிறிஸ்துமஸ் என்றோ, காலத்தைக் குறிக்க வேண்டுமானால் கிறிஸ்துமஸ்டைடு என்றோ எழுதுவதே மரியாதை. யூல் என்று தனியாக எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: மேலைநாடுகளில் பழைய சமயங்களை மீட்டெடுத்து வாழ்பவர்கள் டிசம்பர் 21 அல்லது 22இல், ஆண்டின் மிக நீண்ட இரவையொட்டி, யூல் என்ற பெயரிலேயே விழா எடுக்கிறார்கள். கிறிஸ்துமஸையே நீங்கள் கருதினால் யூல்டைடு என்று முழுச்சொல்லாக எழுதுங்கள். ‘எக்ஸ்மஸ்’ பற்றியும் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை: அதிலுள்ள எக்ஸ், கிரேக்க மொழியில் கிறிஸ்து என்னும் பெயரின் முதல் எழுத்து, கிறிஸ்துவை நீக்கிய சொல் என்று அதைக் குறை கூறுவது சரியன்று.

எந்த நாள் முதல் எந்த நாள் வரை? திருச்சபை மரபில் டிசம்பர் 25 தொடங்கி ஜனவரி 5 முடியப் பன்னிரண்டு நாட்கள். அடுத்த நாள், ஜனவரி 6, கத்தோலிக்கர் திருக்காட்சிப் பெருவிழா என்று அழைக்கும் நாள். யூல்டைடு என்று எழுதுவதற்கு டிசம்பர் 24 மாலையிலிருந்து இந்த ஜனவரி 6 வரை எந்தத் தயக்கமும் வேண்டாம். அதற்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம் வேறு. அது காத்திருப்பின் காலம், ஆங்கிலத்தில் அட்வென்ட். நம் தெருக்களில் கேரல் குழுக்கள் சுற்றி வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். நாளிதழ்களும் கடைகளும் டிசம்பர் முழுவதையும் யூல்டைடு என்று எழுதுவதால், பொது எழுத்தில் அப்படி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆலய மலரில் அந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும். ஜனவரி 6 என்றதும் எனக்கு அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் மீண்டும் கட்டப்பட்ட ஆர்மீனிய தேவாலயம் நினைவுக்கு வரும். ஆர்மீனியத் திருச்சபை கிறிஸ்துவின் பிறப்பை அந்த நாளில்தான் கொண்டாடுகிறது. பாரிமுனையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்களுக்குத் திருநாளின் உச்சம், மற்றவர்கள் நட்சத்திர விளக்கைக் கழற்றும் நாளாக இருந்தது. ஒரே நாளைக் குறிக்காமல் ஒரு பருவத்தைக் குறிக்கும் சொல் இருப்பதன் பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது. டிசம்பர் 25ஐயும் ஜனவரி 6ஐயும் அது ஒன்றாக அணைத்துக்கொள்ளுகிறது.

கடைசியாக மொழிபெயர்ப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலமும் தமிழுமாக அச்சிடவிருந்த பேனர் ஒன்றின் முன்படி என்னிடம் வந்தது. மேலே ஆங்கிலத்தில் யூல்டைடு வாழ்த்து; கீழே தமிழில் ‘யூல் அலை வாழ்த்துகள்’. அகராதியில் டைடு என்பதற்குக் கண்ட முதல் பொருளைப் பார்த்து யாரோ எழுதிவிட்டார்கள். அந்த பேனர் கட்டப்படவிருந்த இடம் கடற்கரையோரக் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, சுனாமி வந்து எங்கள் கரையையும் அடித்தது. அந்தக் குடியிருப்பில் அன்றைய நாளை மறந்தவர் ஒருவரும் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தில் அலை என்ற சொல்லை அங்கே தொங்கவிட்டிருந்தால், எழுதியவர் நினைத்தே பாராத வேதனையை அது கொடுத்திருக்கும். அச்சுக்குப் போகும் முன்பே மாற்றினோம். சொல்லின் வேரை அறிவது வெறும் படிப்புக்காக மட்டுமன்று என்பதை நான் அன்று உணர்ந்தேன்.

ஆகவே டைடு என்பதை அலை, ஓதம், வெள்ளம் என்று எவ்விதத்திலும் பெயர்க்காதீர்கள். ஆலயம் சார்ந்த எழுத்தில் ‘கிறிஸ்து பிறப்புக் காலம்’. பொது எழுத்தில் ‘கிறிஸ்துமஸ் காலம்’. பாட்டிலோ கவிதையிலோ பழமையின் சாயல் வேண்டுமானால் ‘கிறிஸ்துமஸ் பொழுது’. யூல்டைடு என்றே தமிழ் எழுத்தில் வைக்க விரும்பினால் அதற்கு முதன்முறை வரும் இடத்திலாவது தமிழ்ப் பொருளையும் சேர்த்து எழுதுங்கள். அட்டையைப் பெறும் பாட்டிக்கும் அது புரிய வேண்டும். யூல் லாக் என்பது குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு அடுப்பில் வைத்து எரித்த பெரிய மரக்கட்டை; இன்று பேக்கரிகளில் அதே பெயரில் கிடைப்பது அந்தக் கட்டையின் வடிவில் சுருட்டிச் செய்த சாக்லேட் கேக். எதைப் பற்றி எழுதுகிறீர்களோ அதற்கேற்ப ‘யூல் கட்டை’ என்றோ ‘கட்டை வடிவக் கேக்’ என்றோ எழுதினால் குழப்பம் வராது.

காசிமேட்டு மாணவி தன் குழுவின் பாட்டுத்தாளை அன்றே திருத்தி எடுத்துக்கொண்டு போனாள். முகப்பில் ‘யூல்டைடு கேரல்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே வைத்தாள். ‘சீசன்’ என்ற சொல்லை மட்டும் அடித்தாள். அதன் கீழே தமிழில் ‘கிறிஸ்து பிறப்புக் காலப் பாடல்கள்’ என்று எழுதி, டிசம்பர் 24, இரவு 10 மணி என்று குறித்தாள்.